ஸ்ட்ராபெரி பெர்ல்: ஒரு டிடிபிக்காரரின் மூன்று வாரம்

திருச்சியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். புத்தகம், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் வரும். நிரல் எழுதுகிற ஆள் இல்லை நான். ஆனால் கடையின் பாதி வேலை பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களில்தான் ஓடுகிறது. 2008-இல் என் மச்சினன் கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவை அவை, மொத்தம் பதினொன்று. பாமினி, டேப் என்ற பழைய எழுத்துரு முறைகளில் அடித்த பிரதிகளை யூனிகோடுக்கு மாற்றுவது, அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப்களுக்கு வரிசை எண் போடுவது, வேலைப் பதிவேட்டிலிருந்து யார் யார் பணம் பாக்கி என்று பட்டியல் எடுப்பது, இப்படி.

இத்தனை வருடமும் பழைய விண்டோஸ் கணினியில் அவை சத்தமில்லாமல் ஓடின. போன ஆடியில் மதர்போர்டு போய்விட்டது. புதிதாக வாங்கியதில் விண்டோஸ் 11 இருந்தது, பெர்ல் இல்லை. விண்டோஸில் அது கூடவே வருவதில்லை, நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மச்சினனுக்குப் போன் போட்டேன். "ஸ்ட்ராபெரி பெர்ல்னு ஒண்ணு இருக்கு மாமா, அதை இறக்கிப் போடுங்க, எல்லாம் ஓடும்" என்றான். போட்டேன். எல்லாம் ஓடவில்லை. எதெது ஓடவில்லை, ஏன், எப்படிச் சரியானது என்பதுதான் இந்த மதிப்புரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காசு இல்லை. ஆடம் கென்னடி என்ற ஆஸ்திரேலியர் தொடங்கி வைத்து, அப்புறம் தன்னார்வலர்கள் கைமாற்றி நடத்திவரும் தொகுப்பு இது. பெர்லை உருவாக்கிய லாரி வாலே விண்டோஸில் தான் பயன்படுத்துவது இதைத்தான் என்று சொன்ன வாசகத்தை இவர்கள் தளத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே வெறும் பெர்ல் மட்டும் இல்லை, ஜிசிசி என்ற சி கம்பைலரும் (சி மொழி நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது) சேர்ந்தே வருகிறது. பெர்லுக்கான கூடுதல் தொகுதிகள் பலவற்றில் சி மொழியில் எழுதிய பகுதி இருக்கும். கம்பைலர் இல்லாத விண்டோஸில் அவற்றை நிறுவப் போனால் பாதியில் நின்றுவிடும். இங்கே சிபான்எம் (cpanm) என்று தட்டி தொகுதியின் பெயரைக் கொடுத்தால் இறக்கி, கட்டி, சோதித்து, போட்டுவிடுகிறது. நான் கேட்ட ஐந்தில் ஐந்தும் ஒரே தடவையில் ஏறின. டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது.

நிறுவும்போது இரண்டு விஷயம். சி டிரைவில் ஸ்ட்ராபெரி என்ற பெயரிலேயே கோப்புறை போடச் சொல்லும், அப்படியே விட்டுவிடுங்கள். இடைவெளி உள்ள பெயரில் போடக்கூடாது. முடிந்ததும், ஏற்கெனவே திறந்திருக்கும் கருப்புத் திரையை (கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட்) மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பெர்ல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற புதிய பாதை பழைய திரைக்குத் தெரியாது. "பெர்ல் என்று ஒன்றே இல்லை" என்று அது சாதித்துக்கொண்டிருக்க, நான் இரண்டு முறை அழித்து அழித்து நிறுவினேன்.

சரி, சிக்கல்களுக்கு வருவோம்.

பதினொன்றில் ஏழு நிரல்கள் முதல் வரியிலேயே விழுந்தன. பழைய எழுத்துக்கு எது யூனிகோடு என்று சொல்லும் எழுத்து அட்டவணை ஒரு தனிக் கோப்பில் இருக்கிறது, ஏழும் அதைக் கூப்பிட்டுக்கொள்ளும். அந்தக் கோப்பைக் காணோம் என்றது பெர்ல். அதே கோப்புறையில், நிரலுக்குப் பக்கத்திலேயே, கண்ணெதிரே இருக்கிறது! பெயரில் ஏதும் எழுத்துப் பிழையா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். விஷயம் வேறு. தொகுதிகளைத் தேடும் இடங்களின் பட்டியலில் முன்பெல்லாம் கடைசியாக ஒரு புள்ளி இருக்கும். புள்ளி என்றால் இப்போது நிற்கிற கோப்புறை. 2017-இல் வந்த 5.26 பதிப்பிலிருந்து அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். நாம் நிற்கும் கோப்புறையில் வேறு யாராவது அதே பெயரில் ஒரு விஷக் கோப்பை வைத்துவிட்டால் பெர்ல் அதை எடுத்து ஓட்டிவிடும் என்பதுதான் காரணம். நியாயம்தான். நிரலின் தலையில் ஃபைண்ட்பின் தொகுதியைக் கூப்பிட்டு, நிரல் இருக்கும் இடத்தையும் தேடு என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். ஏழு நிரல், பதினான்கு வரி. 2008-இல் எழுதிய எதையாவது இன்றைய பெர்லில் ஓட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்தது எங்கள் கடைப் பையன் கண்டுபிடித்தது. நிரல் கோப்பை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் கருப்புத் திரை மின்னி மறைகிறது. உள்ளே என்ன பிழை வந்தது என்று படிக்க முடிவதில்லை. செல்போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தான். அவனைப் பாராட்டினேன். ஆனால் கருப்புத் திரையை முதலில் திறந்து, அதற்குள் பெர்ல் என்று தட்டி, இடைவெளி விட்டு நிரலின் பெயரைத் தட்டுவது அதைவிட எளிது. நிரலின் பெயரை மட்டும் தட்டி ஓட்டினால் இன்னொரு குழப்பமும் வரலாம். எந்தக் கோப்பை மாற்ற வேண்டும் என்று பின்னால் கொடுக்கும் பெயர் நிரலுக்குப் போய்ச் சேராமலே போகும். பிஎல் என்று முடியும் நிரல் கோப்பை எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் வைத்திருக்கும் இணைப்பின் கடைசியில் சதவீதக் குறியும் நட்சத்திரமும் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். பெர்லின் பெயரை முன்னால் தட்டிவிட்டால் அந்த இணைப்புப் பக்கமே போக வேண்டாம்.

இதெல்லாம் சில்லறை. என் மூன்று வாரத்தில் இரண்டு வாரத்தைத் தின்றது தமிழ்க் கோப்புப் பெயர்.

முன்பு வாடிக்கையாளர்கள் பென்டிரைவில் கொண்டுவருவார்கள், கோப்புக்கு ஆங்கிலத்தில் ஏதாவது பெயர் இருக்கும். இப்போது போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், பெயரும் அழகாகத் தமிழில் இருக்கிறது. ஒரு கவிஞர் தன் தொகுப்பை அப்படித்தான் அனுப்பினார். முன்னுரை, அணிந்துரை, பதிப்புரை, அப்புறம் கவிதைகள். டெஸ்க்டாப்பில் வைத்து மாற்று நிரலை ஓட்டினேன். ஓடியது. ஆனால் வெளியே வந்த கோப்புகளின் பெயர்கள் நாலைந்து எழுத்து, ஓர் அலைக்குறி, ஒன்று என்று ஏதோ பூட்டு எண் மாதிரி இருந்தன. எது முன்னுரை, எது அணிந்துரை என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். சரி, டெஸ்க்டாப்பில்தான் கோளாறு என்று நினைத்து டி டிரைவுக்கு மாற்றினேன். இப்போது ஓடவே இல்லை. எந்தக் கோப்பைத் திறக்கிறாய் என்று நிரலை அச்சிட்டுக் காட்டச் சொன்னேன். வெறும் கேள்விக்குறிகளாகக் காட்டியது.

எண்ணிப் பார்த்தேன். அணிந்துரைக்கு ஒன்பது கேள்விக்குறி. நமக்கு அது ஐந்து எழுத்து. கணினிக்கு அ, ண, இகரக் கொக்கி, ந, புள்ளி, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஒன்பது. பதிப்புரைக்கும் ஒன்பதே. அதாவது பெர்லின் கண்ணுக்கு அணிந்துரையும் பதிப்புரையும் ஒரே கோப்பு! முன்னுரை மட்டும் எட்டு கேள்விக்குறியோடு தப்பித்தது. அதுவும் திறக்காது, ஏனென்றால் விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறியே வரக்கூடாது.

காரணம் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. விண்டோஸில் ஒவ்வொரு கோப்பு வேலைக்கும் இரண்டு வாசல் உண்டு. ஒன்று பழைய ஆன்சி வாசல், மற்றது யூனிகோடு வாசல். பெர்லின் வழக்கமான திற, படி, பெயர் மாற்று எல்லாம் பழைய வாசல் வழியாகத்தான் பெயர்களைப் பேசுகின்றன. அந்த வாசலில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குறிப்பக்கம், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல், வேண்டும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு 1252, ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253, தாய் மொழிக்கு 874. தமிழுக்கு? விண்டோஸில் அப்படி ஒன்று ஒதுக்கப்படவே இல்லை. தமிழ் அங்கே நேரடியாக யூனிகோடாகத்தான் நுழைந்தது. ஆகவே ரஷ்யாக்காரர் தன் கணினியைத் தன் குறிப்பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தொல்லை தெரியாமலே வாழலாம். நாம் எந்தக் குறிப்பக்கத்தில் நின்றாலும் கேள்விக்குறிதான். தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டேப் என்று தரம் அறிவித்தது, 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. அந்த இரண்டு காலத்துக்கும் நடுவே சிக்கிய பிரதிகளை மாற்றிக் கொடுத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. அந்தச் சந்துக்குள்ளேயே இந்தப் பெர்லும் நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

டெஸ்க்டாப்பில் மட்டும் எப்படி ஓடியது என்றால், பெயரைச் சொல்ல முடியாதபோது அந்தக் கோப்புக்கு விண்டோஸ் வைத்திருக்கும் பழைய எட்டெழுத்துக் குறும்பெயர் இருந்தால் பெர்ல் அதை எடுத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப் இருக்கும் என் சி டிரைவில் குறும்பெயர் உண்டு, டி டிரைவில் இல்லை. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவிலும் குறும்பெயர் கிடையாது. ஒரே நிரல் ஒரு டிரைவில் ஓடி இன்னொன்றில் ஓடாத மர்மம் இதுதான்.

மச்சினன் முதலில் சொன்ன வழி, விண்டோஸின் வட்டார அமைப்பில் இருக்கும் ஒரு சோதனைப் பெட்டியில் டிக் போடுவது. கணினி முழுவதையும் யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) குறிப்பக்கத்துக்கு மாற்றிவிடும் பெட்டி அது. போட்டு, கணினியை மறுபடி துவக்கினேன். பெர்லைச் சோதிப்பதற்கு முன்பே கடையில் கூச்சல். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் டேப் எழுத்துருவில் வைத்திருந்த கோயில் மலர் முழுக்கக் கோழி கிளறியதுபோல் கிடந்தது. டேப் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட எண்களில் உட்கார்ந்திருப்பவை, யூடிஎஃப்-8-இல் அவை தனியாக நின்றால் பொருள் இல்லை. ஆங்கில விசைகளிலேயே உட்கார்ந்திருக்கும் பாமினிக்கு ஒன்றும் ஆகவில்லை. டிக்கை எடுத்துவிட்டேன். உங்கள் கணினியில் யூனிகோடு அறியாத பழைய மென்பொருள் எதுவும் இல்லை என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

கடைசியில் கைகொடுத்தது வின்32 லாங்பாத் என்ற தொகுதி. சிபான்எம் வழியாக ஒரு நிமிடத்தில் ஏறியது. இது யூனிகோடு வாசல் வழியாகப் போகிறது. வழக்கமான கட்டளைகளின் கடைசியில் எல் என்ற எழுத்தைச் சேர்த்து எழுத வேண்டும். நான்கு நிரல்களில் மொத்தம் இருபது, இருபத்தைந்து இடங்களில் மாற்றினோம். மச்சினன் வீடியோ அழைப்பில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "எல் போட்டீங்களா மாமா?" "போட்டேன்டா." "சின்ன எல்லா, பெரிய எல்லா?" சின்ன எல். பெரிய எல் போட வேண்டும். பெர்லுக்கு அது வேறு, இது வேறு.

கவிஞரின் நான்கு கோப்புகளும் அவரவர் பெயரோடு வந்து உட்கார்ந்தபோது மணி இரவு பதினொன்றரை.

கோப்புப் பெயர் முடிந்தது என்று மூச்சு விட்டால் எழுத்து அட்டவணையில் ஒரு கூத்து. இதற்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் பாமினியும் பெர்லும் சந்திக்கிற எவருக்கும் உதவும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளில் இருக்கின்றன, புள்ளி என்பது அரைப்புள்ளி. கூ என்பது டாலர் குறி, ளூ என்பது அட் குறி, மூ என்பது சதவீதக் குறி. பெர்லில் மாறிகளின் (மதிப்புகளைப் போட்டு வைக்கும் பெயர்கள்) முன்னால் போடும் மூன்று குறிகளும் இவையேதான்! அட்டவணையில் புதிதாகச் சில சொற்களைச் சேர்க்கப் போன நான் பழக்கதோஷத்தில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதிவிட்டேன். இரட்டை மேற்கோளுக்குள் டாலரைப் பார்த்தால் பெர்ல் அதையும் அடுத்துள்ள எழுத்தையும் சேர்த்து ஒரு மாறி என்று எடுத்து, மதிப்பைத் தேடி, ஒன்றும் இல்லாததால் வெற்றிடம் வைத்துவிடும். கூட்டம் என்ற சொல்லில் கூ, ட என்கிற இரண்டெழுத்தும் காணாமல் போய், மிச்சம் புள்ளியும் டம் என்பதும் மட்டும் நின்றன. உள்ளூராட்சிக்கும் அதே கதி. ஒற்றை மேற்கோள் போட்டால் பெர்ல் உள்ளே கை வைக்காது. தேடும் இடத்தில் மேற்கோளும் போதாது. ழூ என்று வந்தால் அது நட்சத்திரக் குறி, டூ என்றால் கூரைக் குறி, தேடல் கோவைகளில் இரண்டுக்கும் தனி அர்த்தம் உண்டு. குவோட்மெட்டா (quotemeta) என்ற கட்டளை அவற்றை வெறும் எழுத்தாக்கிக் கொடுக்கும். நிரலின் தலையில் ஸ்ட்ரிக்ட், வார்னிங்ஸ் என்ற இரண்டையும் மச்சினன் 2008-இல் போட்டிருந்தால் பெர்லே எச்சரித்திருக்கும். கேட்டேன். "அப்போ எனக்கு வயசு பத்தொன்பது மாமா" என்றான்.

அடுத்தது பாக்கிப் பட்டியல். வேலைப் பதிவேடு பழைய ஆக்சஸ் கோப்பில் இருக்கிறது, பெர்ல் ஓடிபிசி (தரவுக் கோப்புகளைப் படிக்க விண்டோஸ் தரும் பொது வழி) வழியாக அதைப் படிக்கும். ஸ்ட்ராபெரியில் அதற்கான தொகுதி கூடவே வருவதால் நிறுவ வேலையில்லை. ஆனால் அப்படி ஒரு டிரைவரே இல்லை என்றது. கண்ட்ரோல் பேனலில் பார்த்தால் இருக்கிறது! பழைய எம்டிபி (ஆக்சஸ்) கோப்புக்கு விண்டோஸோடு வரும் டிரைவர் 32 பிட். நான் போட்டிருந்த 5.38 பெர்ல் 64 பிட். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காது. ஓடிபிசி அமைக்கும் நிரலும் கணினியில் இரண்டு இருக்கிறது, இரண்டுக்கும் பெயரில் 32 என்றே இருக்கும். சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பது 64 பிட்டுக்கானது, சிஸ்வாவ்64 கோப்புறையில் இருப்பது 32 பிட்டுக்கானது. எழுத்துப் பிழை இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் ஸ்ட்ராபெரி மேல் எனக்குக் குறை. புதிய பதிப்புகளில் 32 பிட் இல்லை. 2021-இல் வந்த 5.32-தான் கடைசி. அதன் போர்ட்டபிள் ஜிப்பை இறக்கி, டி டிரைவில் விரித்து, பாக்கிப் பட்டியலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். நிறுவ வேண்டியதில்லை, கூட வரும் போர்ட்டபிள்ஷெல் என்ற பேட்ச் கோப்பைச் சொடுக்கினால் அந்தப் பெர்லுக்கான திரை திறக்கும். இந்த வசதி அருமை.

இரண்டு பெர்ல் வைத்திருந்தால் எது ஓடுகிறது என்று கவனம் வேண்டும். வேர் (where) என்று தட்டி பெர்ல் என்று சேர்த்தால் பாதையில் இருக்கும் எல்லாப் பெர்லையும் வரிசையாகக் காட்டும். எனக்கு மூன்று காட்டியது! மூன்றாவது, மச்சினன் எப்போதோ போடச் சொன்ன கிட் (Git) மென்பொருளோடு வந்தது. ஒரு பெர்லுக்குக் கட்டிய தொகுதியை இன்னொன்று எடுத்தால் ஹேண்ட்ஷேக் பொருந்தவில்லை என்று நீளமாக ஒரு பிழை வரும். தொகுதியை மறுபடி நிறுவாதீர்கள், பாதையைப் பாருங்கள்.

இன்னும் சின்னச் சின்னதாக உண்டு. பிடிஎஃப் கோப்பைப் படித்து எழுதும் நிரலில் பின்மோட் (பைட்டுகளை மாற்றாமல் உள்ளபடி கையாளச் சொல்லும் கட்டளை) போட மறந்தால் விண்டோஸில் ஒவ்வொரு 10 என்ற பைட்டுக்கும் முன்னால் ஒரு 13 நுழைந்து கோப்பு கெட்டுவிடும். எக்செலில் ஒரு பட்டியல் திறந்திருக்கும்போது அதே கோப்பில் எழுதப் போனால் அனுமதி இல்லை என்று மொட்டையாகச் சொல்லும். நான் கோப்பின் அனுமதிகளை எல்லாம் போய் மாற்றிப் பார்த்தேன். பிழையைச் சொல்லும் இடத்தில் டாலர் ஆச்சரியக்குறிக்குப் பதில் டாலர், கூரைக் குறி, பெரிய ஈ என்று போட்டதும், வேறொரு நிரல் இந்தக் கோப்பை வைத்திருக்கிறது என்று விண்டோஸே வாய்திறந்து சொன்னது. விண்டோஸில் பெர்ல் ஓட்டுகிறவர்களுக்கு நான் ஒரே ஒரு வித்தை சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. தமிழ்ப் பெயருக்காக அரை, 32 பிட்டுக்காக அரை வெட்டு. கோப்புகளின் பெயரை மாற்றுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இதைப் போடவே வேண்டாம், விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல் தமிழ்ப் பெயர்களை ஒழுங்காகப் பார்க்கும். பழைய எழுத்துருப் பிரதிகளை மாற்றுகிற வேலைக்கு, ஒற்றைக்கொம்பை உயிர்மெய்க்குப் பின்னால் தள்ளும் வேலையை ஒரே வரியில் முடிக்கும் பெர்லை விட்டு நான் எங்கும் போவதாக இல்லை. பழைய ஆக்சஸ் கோப்பு வைத்திருப்பவர்கள் 5.32-இன் 32 பிட் ஜிப்பை இன்றே இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். நான் இரண்டில் போட்டிருக்கிறேன், ஒன்று கடையில், ஒன்று வீட்டில் சாமி அலமாரியில்.